மொட்டை மாடியில் ஒரு பச்சை உடம்புக்காரி: காவலர் மனநலப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஒரு பகுதியில் நடந்த நிகழ்வு இது. பிரசவமாகிப் பதினோராம் நாள் மாலை, ஒரு பெண் கைக்குழந்தையோடு மூன்றாவது மாடிக்கு மேல் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரம் போய் நின்றார். இரண்டு உயிர்களும் பத்திரமாகக் கீழே வந்தன. காவலர்களுக்கு மனநல நெருக்கடிப் பயிற்சி நடத்தும் குழுவில் நான் மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அந்தப் பெண், அவர் குடும்பம், அன்று பணியில் இருந்த காவலர்கள் எல்லோரிடமும் தனித்தனியே பேசி, அவர்கள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி: வீடு

அந்தப் பெண்ணுக்கு 24 வயது. சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமம். கணவருக்குப் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை. நடுராத்திரி கிளம்பினால் வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்புவார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம் என்றாலும், கடைசி மாதத்தில் ரத்த அழுத்தம் கூடியதால் பெங்களூரிலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். ஊரிலிருந்து அம்மா வந்து கூட இருந்தார். சுகப்பிரசவம், பெண் குழந்தை.

ஐந்தாம் நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் குழந்தை தூங்கும்போதும் அவர் தூங்கவில்லை. ஏழாம் நாள் ஓயாத பேச்சு. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி அடுக்கினார். எட்டாம் நாள் பேச்சு அப்படியே அடங்கிவிட்டது. குழந்தையின் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்க” என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னார். பத்தாம் நாள், தன் பாலில் விஷம் கலந்திருக்கிறது என்று தாய்ப்பால் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். பாட்டி பாலாடையில் பவுடர் பால் புகட்டினார்.

பச்சை உடம்பில் காத்து கருப்பு அண்டிவிட்டது என்றுதான் அம்மாவுக்குத் தோன்றியது. தாயத்து கட்டினார், தலையணைக்கு அடியில் இரும்பு வைத்தார், வெள்ளிக்கிழமை ஊருக்குக் கூட்டிப்போய் மந்திரிக்க ஏற்பாடு செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். வீட்டுக்கு வந்துபோன சுகாதாரப் பணியாளர் தொப்புள் காய்ந்ததா, ரத்தப்போக்கு எப்படி என்றெல்லாம் கேட்டிருக்கிறார். தூங்குகிறாயா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

இது பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ்; எது நிஜம், எது பிரமை என்று பிரித்தறிய முடியாமல் போகும் தீவிர மனநோய். ஆயிரம் பிரசவங்களில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே தொடங்கிவிடும். காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் ஆளே மாறியிருப்பார். தூக்கம் அறவே போவதுதான் பல பேரிடம் முதல் அறிகுறி. உடனே சிகிச்சை கொடுக்க வேண்டிய நிலை இது. கொடுத்தால் நன்றாகக் குணமாகும்.

பின்னணி: காவல் நிலையம்

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 30ஆம் பிரிவு, காவலர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி தர வேண்டியதை அரசின் கடமையாக்குகிறது. அதன்படி அந்தச் சரகத்தில் எங்கள் குழு ஒரு நாள் பயிற்சி நடத்தியிருந்தது. முற்பகல் சட்டமும் நோய்களும். பிற்பகல் நடித்துப் பார்த்தல். ஒருவர் நெருக்கடியில் இருப்பவராக நடிப்பார், இன்னொருவர் காவலராகவே பேசிப் பார்ப்பார். இந்த நிலையத்திலிருந்து இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். மற்றவர் நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் தலைமைக் காவலர். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தமிழ் பேசுபவர்.

அழைப்பும் முதல் இருபது நிமிடமும்

மாலை 6:50 வாக்கில் எதிர்வீட்டுக்காரர் 112-ஐ அழைத்தார். அவர் சொன்னது இரண்டு செய்தி: ஒரு பெண் குழந்தையைத் தூக்கிப் போடப் பார்க்கிறார்; பிள்ளை பெற்றதிலிருந்தே அவருக்குப் புத்தி சரியில்லை. ரோந்தில் இருந்த ஹொய்சளா வண்டிக்கு வயர்லெஸ்ஸில் வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும்தான்: ‘குழந்தையைக் கொல்ல முயற்சி.’ அடுத்து நடந்தவற்றில் பாதிக்கு இந்த விடுபடல்தான் காரணம் என்று நினைக்கிறேன். கொலை முயற்சி என்று கேட்டுவிட்டு வருபவர் தடுப்பதற்குத்தான் வருவார், பேசுவதற்கு அல்ல.

வண்டி சைரனோடு சந்துக்குள் வந்தது. அதற்குள் தெருவே கூடிவிட்டது. கைகளெல்லாம் செல்போன். உதவி சப்-இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியில் கன்னடத்திலும் பிறகு தமிழிலும், “குழந்தையைக் கீழே வை, பின்னால போ” என்று அதட்டினார். அந்தப் பெண் இன்னும் மூலைக்கு ஒதுங்கினார். பக்கத்து மாடியிலிருந்து தாவிப் பிடிக்க இரண்டு இளைஞர்கள் தயாரானார்கள். அம்மா படிக்கட்டில் நின்று, மகள் மேல் ஏறியதாக நம்பிய ஆவியைப் பார்த்து, “என் பொண்ணை விட்டுட்டுப் போயிடு” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்த அதிகாரி அந்த நேரத்தில் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வந்தவுடனேயே தீயணைப்புத் துறைக்கும் 108-க்கும் தகவல் கொடுத்தார். இளைஞர்களுக்கும் அவர் உடனே அனுமதி கொடுத்துவிடவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார். “ஒரு நொடி விட்டா பிள்ளை போயிடும்னுதான் தோணிச்சு. சும்மா நிக்கறதும் ஒரு வேலைன்னு எனக்கு யாரும் சொல்லல” என்று என்னிடம் பிறகு சொன்னார்.

தலைமைக் காவலர் வந்த பிறகு

நிலையத்தில் வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருந்த தலைமைக் காவலர், தானே கேட்டுக்கொண்டு கிளம்பி 7:25-க்கு வந்து சேர்ந்தார். மேலே ஏறுவதற்கு முன் கீழே சில காரியங்களை முடித்தார். வண்டியின் சுழல் விளக்கை அணைக்கச் சொன்னார். ஒலிபெருக்கியை நிறுத்தினார். கூட்டத்தைச் சந்து முனைக்குத் தள்ளினார். இளைஞர்களை இறங்கச் செய்தார். அம்மாவை இரண்டாவது மாடியில் ஒரு பெண் காவலர் கூட உட்கார வைத்தார். பெற்ற தாயை மேலே அனுப்பினால் பெண் இறங்கிவிடுவாள் என்று தெருவே சொன்னது. ஆனால் ஆவியிடம் பேசிக்கொண்டிருக்கும் அம்மாவைப் பார்த்தால் மகளின் பயம் கூடத்தான் செய்யும் என்று அவர் கணித்தார். தொப்பி, லத்தி இரண்டையும் கீழேயே கொடுத்துவிட்டு ஏறினார்.

மாடிக் கதவருகே நின்று தன் பெயரைச் சொன்னார். “உள்ள வரலாமா கண்ணு?” என்று கேட்டார். பதில் இல்லை. பத்தடி தள்ளி, துணிக்கொடிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்தால் பாய்ந்து பிடிக்க வந்தவர்போலத் தெரியும் என்பது பயிற்சியில் அவரே நடித்துப் பார்த்து உணர்ந்தது. அன்று நெருக்கடியில் இருப்பவராக நடித்தது அவர்தான். எதிரே நின்ற காவலர் ஓரடி எடுத்து வைத்தபோது, நடிப்பு என்று தெரிந்தும் தன் உடம்பு பின்வாங்கியதை அவர் மறக்கவில்லை.

குழந்தையைப் பற்றி வெகுநேரம் அவர் வாயே திறக்கவில்லை. குழந்தையைத்தான் எல்லோரும் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருக்கும்போது, அதைப் பற்றிய எந்தப் பேச்சும் பிடுங்குவதற்கான பேச்சாகவே கேட்கும்.

“அக்கா, டேங்குக்குள்ள ஆளுங்க இருக்காங்க” என்றார் அந்தப் பெண்.

“எனக்கு யாரும் தெரியல கண்ணு. ஆனா நீ ரொம்ப பயந்து போயிருக்கே, அது தெரியுது.”

பிரமையோடு வாதாடக் கூடாது, ஆமாம் என்று தலையாட்டவும் கூடாது என்று பயிற்சியில் சொல்கிறோம். சொல்வது சுலபம். “டேங்குல யாரும் இல்ல, வந்து பாரு” என்று மூடியைத் திறந்து காட்டத்தான் நம் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

7:45 அளவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டே வந்தது. அந்தப் பெண் ஒரு காலைச் சுவர்மேல் வைத்துவிட்டார். தலைமைக் காவலர் எழவில்லை. வாக்கி-டாக்கியில் சன்னக் குரலில், “வண்டியை அணைங்க, யாரும் மேல வராதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அதன் சத்தத்தை அடியோடு குறைத்தார். பிறகு பேச்சையும் நிறுத்திவிட்டு அப்படியே இருந்தார். கால் கீழே இறங்கியது. அந்த நேரம் நிமிடக்கணக்கில் நீண்டது போலத் தோன்றியதாகச் சொன்னார்.

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. நைட்டியின் முன்பக்கம் முழுக்க ஈரம்.

“பால் கட்டிக்கிச்சா கண்ணு? வலிக்குதா?”

அந்தப் பெண் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். “ரொம்ப வலிக்குதுக்கா. தொட முடியல.”

“வலிக்கும். எனக்கும் மொத பிள்ளைக்கு ஆச்சு, காய்ச்சலே வந்துடுச்சு. வெந்நீர் ஒத்தடம் குடுத்தா இறங்கும். நீ மொதல்ல உக்காரு.”

உட்கார்ந்தார். சுவருக்கு உள்பக்கமாக, முதுகைச் சாய்த்து. உட்கார்ந்துவிட்டால் விழும் ஆபத்து ஏறக்குறைய தீர்ந்தது. என் பார்வையில் இந்த நிகழ்வின் திருப்பம் குழந்தை கைமாறியபோது நடக்கவில்லை, இங்கேதான் நடந்தது. பிரமை பிடித்திருந்த மனசுக்குள் எட்ட வழியில்லாதபோது, வலித்துக்கொண்டிருந்த உடம்பின் வழியாக ஒருவர் அவரை எட்டினார். இதை நாங்கள் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. அவசரப்படாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கண்ணில் பட்டது.

பெண் காவலர் ஒரு சொம்பு தண்ணீரும் துண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். “நீ தண்ணி குடிக்கிற வரைக்கும் பாப்பாவை நான் வெச்சிருக்கட்டுமா? உன் கண்ணு முன்னாடியே இருப்பேன்.” 8:10-க்குக் குழந்தை கைமாறியது. கதவருகே வந்து நின்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்படி சைகை காட்டினார். தலைமைக் காவலர் தலையசைத்து மறுத்தார். கண் முன்னால் வைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு நழுவினால், குழந்தை பிழைத்திருக்கும், தாய் சுவரைத் தாண்டியிருப்பார். எட்டரைக்கு மூவரும் ஒன்றாகவே படியிறங்கினார்கள்.

நிலையமா, மருத்துவமனையா

வாக்குமூலம் வாங்க வேண்டும், முதலில் நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று தொலைபேசியில் உத்தரவு வந்தது. தலைமைக் காவலர் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவை எடுத்துச் சொன்னார். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள ஒருவரைக் காவலர் பாதுகாப்பில் எடுக்கலாம். ஆனால் அது கைது ஆகாது. கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்த்தாக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. மறுமுனையில் இருந்த இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டுக்கொண்டு உடனே சம்மதித்தார். தனக்குக் கீழே பணியாற்றுபவர் சட்டத்தைச் சொல்லும்போது ஏற்றுக்கொண்ட அந்தப் பெருந்தன்மையால் அந்தப் பெண்ணுக்கு ஓர் இரவு மிச்சமானது.

வழியில் குதித்துவிடுவாள், கையைக் கட்டுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பழைய சேலையை நீட்டினார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் தீயில் கருகியதை அறிந்த நாம், கட்டுவது பாதுகாப்பு என்ற எண்ணத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம். ஆம்புலன்ஸில் அவருக்கு ஒரு பக்கம் தலைமைக் காவலர், மறுபக்கம் பெண் காவலர் உட்கார்ந்தார்கள். எதிரே பாட்டி மடியில், தாய் பார்க்கும்படி குழந்தை.

ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போகலாம் என்றார் கணவர். தலைமைக் காவலர் இதையும் ஏற்கவில்லை. எதற்காகக் கொண்டுபோகிறோம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று அதே 100ஆம் பிரிவு கூறுகிறது. “ஆஸ்பத்திரிக்குப் போறோம். உனக்கு ஒரு வாரமா தூக்கம் இல்ல, பால் கட்டியிருக்கு, டாக்டர் பாக்கணும்” என்றார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. வாசலில் போய் உடையப்போகும் பொய்யைச் சொல்லியிருந்தால், அடுத்த முறை சீருடை போட்ட யாரையும் அந்தப் பெண் நம்பியிருக்க மாட்டார்.

மருத்துவமனையிலும் அதன் பிறகும்

அரசு மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதலில் உடம்பைப் பார்த்தார்கள். கிருமித்தொற்று, ரத்த அழுத்தம், மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஆகியவை பிரசவத்தை ஒட்டி இதே மாதிரி குழப்பத்தைக் கொண்டுவரும் என்பதால் அவை இல்லை என்று உறுதி செய்த பிறகே நோயைப் பெயரிட்டார்கள். அதே சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி கணவர் நியமனப் பிரதிநிதியாக, அதாவது நோயாளியின் சார்பில் பேசுபவராக, கையெழுத்திட, அவரை உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். அனுமதிக்கப்படுபவர் பெண் என்றால் நோயாளிகளின் உரிமையைக் காக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அதுவும் நடந்தது.

குடும்பத்தின் பெரிய பயம், குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்பது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்பதுதான் 21ஆம் பிரிவு. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அந்த முடிவைப் 15 நாளுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். இங்கே முதல் சில நாள் குழந்தை பாட்டியிடம் இருந்தது. செவிலியர் துணையோடு தாயிடம் கொண்டுவந்து காட்டினார்கள். பிறகு ஒன்றாகவே இருந்தார்கள். தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் உள்நோயாளிப் பிரிவை இந்தியாவில் முதலில் தொடங்கியது பெங்களூரு நிம்ஹான்ஸ், 2009-இல். இந்த வசதி ஊருக்கு ஊர் இல்லை என்பதுதான் வேதனை.

மூன்று வாரத்துக்குள் அவர் தெளிந்தார். மாடியில் நடந்ததில் பாதி நினைவில் இல்லை என்கிறார். நினைவில் இருப்பது, “யாரோ ஒரு அக்கா கீழ உக்காந்திருந்தாங்க.”

வழக்குப் போட வேண்டும் என்று தெருவில் சிலர் வற்புறுத்தினார்கள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை, புகார் கொடுப்பவரும் இல்லை. தற்கொலைக்கு முயல்பவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 115ஆம் பிரிவு சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இடம்பெறவில்லை. எஃப்.ஐ.ஆர். போடாமல், நிலையக் குறிப்பேட்டில் பாதுகாப்பில் எடுத்ததையும் மருத்துவமனையில் ஒப்படைத்த நேரத்தையும் பதிந்தார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோவை இன்ஸ்பெக்டரே வீடு வீடாகப் போய் அழிக்கச் சொன்னார். எல்லாம் அழிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அந்தப் பெண் தெருவில் இறங்கி நடக்க வெகுநாள் ஆயிற்று.

தலைமைக் காவலர் மறுநாள் வழக்கம்போல ஊர்வலப் பாதுகாப்புக்கு அனுப்பப்பட்டார். அன்றிரவு அவர் தூங்கவில்லை. சுவர்மேல் வைத்த அந்தக் கால் வாரக்கணக்கில் கனவில் வந்திருக்கிறது. அதைப் பற்றி நிலையத்தில் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

எவை மாற வேண்டும்

ஒரு நாள் பயிற்சி ஒரு குழந்தையைக் காப்பாற்றியது என்று இதை எழுதிவிடலாம். அது பாதி உண்மை. அன்று மாலை அவர் விடுப்பில் இருந்திருந்தால் இளைஞர்கள் தாவியிருப்பார்கள். நிலையத்துக்கு ஒருவர் இருவரைப் பொறுக்கிப் பயிற்சி கொடுப்பதை நான் இனி ஆதரிக்க மாட்டேன். ஒரு பணிமுறையில் (ஷிப்டில்) இருக்கும் அத்தனை பேரும், ஹொய்சளா ஓட்டுநர் உட்பட, ஒன்றாக உட்கார வேண்டும். சைரனை அணைப்பது ஓட்டுநரின் கையில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரக் காவல்துறை 1988-இல் தொடங்கிய நெருக்கடித் தலையீட்டுக் குழுவின் பயிற்சி 40 மணி நேரம். அதைவிட முக்கியமானவை இரண்டு. அழைப்பை எடுப்பவர்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு. காவலர் கொண்டுவரும் ஆளைத் திருப்பி அனுப்பாத ஒரு மருத்துவமனையும் உண்டு. இந்த நிகழ்வில் மருத்துவமனை சரியாக அமைந்தது. அழைப்பு அமையவில்லை. ‘புத்தி சரியில்லை’ என்று அழைப்பவர் சொன்னால் அது வயர்லெஸ்ஸிலும் போயாக வேண்டும். ‘சமீபத்தில் பிரசவமா, தூங்கினாரா, மருந்து சாப்பிடுபவரா’ என்று அழைப்பு எடுப்பவர் கேட்டாக வேண்டும்.

எங்கள் பாடத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய நோய் ஒரு வரியாகத்தான் இருந்தது. இப்போது அது தனி அமர்வு. நடித்துப் பார்க்கும் பகுதியை இரட்டிப்பாக்கிச் சட்ட உரையைக் குறைத்திருக்கிறோம். பிரிவு எண்களைச் சட்டைப் பையில் வைக்கும் அட்டையாகத் தந்தால் போதும். தரையில் உட்கார்வதற்கு அட்டை உதவாது. நெருக்கடியைக் கையாண்ட காவலரிடம் இரண்டு நாளுக்குள் மேலதிகாரி தனியே பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐத் தமிழிலும் கன்னடத்திலும் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் அன்று அந்த எண் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எட்டாம் நாளே அம்மா அழைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

அடுத்த பிரசவத்தில் இது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், கருத்தரிக்கும் முன்பே வந்து பார்க்கும்படி மருத்துவர் கணவன் மனைவி இருவரிடமும் சொல்லி, கோப்பிலும் எழுதியிருக்கிறார். தலைமைக் காவலருக்குப் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்த நிலையத்தில் எங்கள் பயிற்சி பெற்றவர் இன்று எவரும் இல்லை. இரவுப் பணிமுறையினர் முழுவதையும் அடுத்த குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்ஸ்பெக்டர் பட்டியல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.